அரசனுக்கு ஒரு சோலை: தெய்வங்கள் காவலிருந்த புகார்



காட்டுத் தெய்வங்களின் ஆட்சிக்கு உட்பட்டு வாழும் ஒரு கற்பனை நகரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இப்படிச் சொன்னதும் இங்குள்ள மாணவர்களில் பலருக்கு ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகி 1997இல் எடுத்த ‘இளவரசி மோனோனோகே’ படம் நினைவுக்கு வரலாம். மான் உருவில் உலவும் வனதேவன், மரங்களில் வாழும் சின்னஞ்சிறு ஆவிகள், காட்டை அழித்து இரும்பு உருக்கும் ஒரு குடியிருப்பு, இரண்டுக்கும் நடக்கும் போர் என்று விரியும் படம் அது. அரிய படம். அதில் காடு ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். நடுவில் வேலி.

நான் பேசப்போகும் நகரத்தில் அந்த வேலி இல்லை. தெய்வங்கள் ஊருக்கு வெளியே இல்லை. சந்தைக்கு நடுவிலும் நாற்சந்தியிலும் பூந்தோட்டத்திலும் சுடுகாட்டு மரத்தடியிலும் அவை உட்கார்ந்திருக்கின்றன. வணிகரையும் அமைச்சரையும் அரசனையும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அந்த நகரம் புகார், காவிரிப்பூம்பட்டினம்.

மண்ணில் இருந்த புகாரைத் தொல்லியலாளர்கள் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை கிடைத்தது. பல்லவனீச்சுரத்தில் பௌத்த விகாரை வெளிப்பட்டது. நான் பேச வந்தது வேறொரு புகாரைப் பற்றி. இளங்கோவடிகளும் சீத்தலைச் சாத்தனாரும் தங்கள் காப்பியங்களுக்குள் எழுப்பிய புகார் அது. அந்தக் கற்பனை நகரத்துக்குள் ஓர் அரசியல் சிந்தனை இருக்கிறது. ஊரில் உள்ள எல்லாமும் மனிதனுக்கே உரியதாகிவிடக் கூடாது. மனிதன் கை வைக்க முடியாத இடம் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும். அதன் சார்பில் பேச ஒரு குரல் வேண்டும். அந்தக் குரலுக்கு அரசனும் கட்டுப்பட வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதைக் காப்பியங்களின் உள்ளிருந்தே காட்ட முயல்கிறேன்.

நாவல் மரத்தடியில் தொடங்கிய ஊர்

மணிமேகலையின் பதிகம் அந்த நகரத்தின் பிறப்பைச் சொல்கிறது. அரசன் ஒருவன் இடம் பார்த்து, கோட்டை கட்டி, குடிகளை அமர்த்திய கதையை நாம் எதிர்பார்ப்போம். சாத்தனார் சொல்லும் கதை அது அன்று. முதலில் இருந்தது ஒரு நாவல் மரம். அதன் அடியில் ஒரு தெய்வம் வந்து நின்று, அரக்கரால் நிலத்துக்கு நேரும் துன்பம் நீங்கத் தவம் செய்தது. அவள் சம்பாபதி. ஊருக்கும் அவள் பெயரே வழங்கியது.

பிறகு அகத்தியரின் கரகம் கவிழ்ந்து காவிரி பெருகி வருகிறாள். கடலை நோக்கி ஓடி வந்தவள் சம்பாபதியைக் கண்டதும் வணங்குகிறாள். சம்பாபதி அவளை மகளைப்போல் வரவேற்று, இந்த ஊர் இனி உன் பெயரால் வழங்கட்டும் என்று சொல்லிவிடுகிறாள். தன் பெயரில் இருந்த ஊரை வந்த நதிக்கு எழுதிக் கொடுக்கிறாள் முதியவள். மரத்தடித் தெய்வம் ஒன்றும் ஆறு ஒன்றும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்ட ஏற்பாடுதான் புகார். சோழர் அங்கே வந்து குடியேறியவர்கள்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், நிலத்துக்கு யார் முன்னுரிமை உடையவர் என்ற கேள்விக்குக் காப்பியம் தொடக்கத்திலேயே விடை சொல்லிவிடுகிறது. பின்னால் வரும் ஒவ்வொரு பூதமும் ஒவ்வொரு சோலைக் காவலும் இந்த விடையின் தொடர்ச்சி.

ஐந்து சோலைகளில் ஒன்று

மலர்வனம் புக்க காதையில் மணிமேகலை மாலை தொடுத்துக்கொண்டிருக்கிறாள். கோவலனும் கண்ணகியும் பட்ட துயரை மாதவி சொல்லக் கேட்டு அவள் கண்ணீர் விட, அந்த நீர் மாலையில் விழுந்து பூவின் தூய்மை கெடுகிறது. வேறு பூக்கள் பறித்து வா என்கிறாள் மாதவி. எந்தச் சோலைக்குப் போவது? உடனிருக்கும் சுதமதி ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். ஓர் இளம்பெண் பூப்பறிக்கப் போகலாமா வேண்டாமா என்ற சிறிய பேச்சு. அதற்குள் ஒரு நகரத்தின் வரைபடம் முழுதாக வந்துவிடுகிறது.

இலவந்திகை அரசனுக்கு உரியது. அவன் பரிவாரம் அங்கே இருக்கும். உய்யானம் தேவர்களுக்கு உரியது. அதன் பூக்கள் வாடுவதில்லை, வண்டுகூட அவற்றை மொய்ப்பதில்லை. கையில் பாசக்கயிறு ஏந்திய பூதம் காக்கிறது என்று அறிந்தவர் யாரும் உள்ளே போவதில்லை. சம்பாதி வனம், வெயிலில் சிறகு கருகிய கழுகரசன் சம்பாதி தங்கிய இடம். கவேர வனம், காவிரியின் தந்தை கவேரனுக்கு உரியது. இந்த இரண்டிலும் மிகப் பழைய தெய்வங்கள் உறைகின்றன, தீண்டினால் வருத்தக்கூடியவை. மிஞ்சியது உவவனம், அது புத்தருக்கு உரியது, மணிமேகலை போகத் தகுந்தது.

எண்ணிப் பாருங்கள். ஐந்து சோலைகள். அவற்றில் அரசனுக்கு ஒன்று. மூன்று சோலைகள் யாருடைய பயனுக்கும் உரியவை அல்ல. அவற்றில் பூப்பறிக்க முடியாது, விறகு பொறுக்க முடியாது, காற்று வாங்க உலவவும் முடியாது. நம் காலத்து நகரத் திட்டங்களில் ‘பசுமைப் பரப்பு’ என்று ஒன்று உண்டு. நடைபாதை, ஊஞ்சல், செயற்கை நீரூற்று என்று அதுவும் நம் வசதிக்காகவே அமைகிறது. நமக்குப் பயன்படாத பசுமைக்கு இடம் ஒதுக்கும் துணிவு இன்றைய திட்டங்களில் காணக் கிடைக்காது. சாத்தனாரின் நகரத்தில் அந்தத் துணிவு ஒரு பெண்ணின் சாதாரணப் பேச்சில் வெளிப்படுகிறது. சுதமதிக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஊர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவள் எடுத்துக்கொள்கிறாள்.

சந்தை நடுவே ஒரு பீடம்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதைக்கு வருவோம். புகாருக்கு இரண்டு பகுதிகள். கடலை ஒட்டியது மருவூர்ப்பாக்கம். மீனவரும் உமணரும் கைவினைஞரும் கடல்கடந்து வந்த யவனரும் வாழ்வது. மேற்கே பட்டினப்பாக்கம், அரசவீதியும் பெருவணிகர் மாளிகைகளும் கொண்டது. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில் நாளங்காடி. பகைகொண்ட இரு வேந்தரின் படைகளுக்கு நடுவே கிடக்கும் போர்க்களத்தை அதற்கு உவமை சொல்கிறார் இளங்கோ.

அந்த அங்காடி அடர்ந்த மரச்சோலைக்குள் இருக்கிறது. வளர்ந்து நிற்கும் மரங்களே கடைகளுக்குக் கால்கள். சந்தைக்காக மரத்தை வெட்டவில்லை. மரத்தைச் சார்ந்து சந்தை நின்றது. விற்பவர் குரலும் வாங்குபவர் குரலும் ஓயாத அந்தச் சோலையில் காவல் பூதத்துக்கு ஒரு பீடம். சோழ மன்னன் முசுகுந்தனுக்கு உதவி செய்ய இந்திரன் அனுப்பிய பூதம் அங்கே வந்து தங்கிவிட்டதாகக் கதை. சித்திரை முழுநிலவில் மறக்குடிப் பெண்கள் புழுக்கிய அவரையும் எள்ளுருண்டையும் ஊனும் பொங்கலும் படைத்து, பூவும் புகையும் காட்டி, துணங்கையும் குரவையும் ஆடுகிறார்கள். அவர்கள் வேண்டுவது தனி வீட்டுக்கு அன்று. பசியும் பிணியும் பகையும் நீங்க வேண்டும், மழையும் வளமும் பெருக வேண்டும் என்று நாட்டுக்காகவே வேண்டுகிறார்கள்.

ஏழையும் செல்வரும் கூடும் பொது நிலத்தில், கொடுக்கல் வாங்கலின் மத்தியில், அந்தப் பூதம் இருக்கிறது. பேராசை எங்கே மிகுதியாக எழுமோ அங்கேயே காவலையும் வைத்தார் கவிஞர். தெய்வத்தை மலையுச்சிக்கு அனுப்பிவிட்டுச் சந்தையை நமக்கென்று வைத்துக்கொள்ளும் வசதியை அவர் நமக்குத் தரவில்லை.

ஐந்து மன்றங்கள்

அதே காதையில் ஐந்து மன்றங்கள் வருகின்றன. வெள்ளிடை மன்றத்தில் வெளிநாட்டுச் சரக்குகள் பொறி ஒற்றிக் குவிந்து கிடக்கும். கதவில்லை, பூட்டில்லை, காவலில்லை. எடுத்தவன் தப்பமுடியாது, கழுத்துக் கடுக்க அவனையே சுமக்க வைக்கும் ஒரு சக்தி அங்கே உண்டு. இலஞ்சி மன்றத்தின் பொய்கையில் மூழ்கி வலம்வந்தால் உடற்குறையும் நோயும் நீங்கும். நெடுங்கல் மன்றத்தில் ஒளியுடைய கல்லைச் சுற்றிவந்தால் பித்தும் நஞ்சும் தெளியும்.

நான்காவது பூத சதுக்கம். நாற்காத தூரம் கேட்கும் குரலில் அந்தப் பூதம் தன் குற்றப்பட்டியலை அறிவிக்கிறது. பொய்த் தவசிகள், மறைவில் ஒழுக்கம் தவறும் பெண்கள், அரசனுக்குத் துரோகம் செய்யும் அமைச்சர்கள், பிறன்மனை விரும்புவோர், பொய்ச்சாட்சி சொல்வோர், புறங்கூறுவோர் ஆகிய அறுவரையும் கயிற்றில் கட்டி அடித்து உண்ணும். ஐந்தாவது பாவை மன்றம். அரசனின் கோல் கோணினாலும், அறங்கூறு அவையம் ஒரு பக்கம் சாய்ந்தாலும், அங்குள்ள பாவை வாய் திறந்து பேசாது. கண்ணீர் விட்டு அழும்.

இந்த ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. முதல் மன்றம் வணிகத்தைக் காக்கிறது. அடுத்த இரண்டும் நோயாளிகளுக்கு மருந்தாகின்றன. நான்காவது, ஊரில் செல்வாக்குள்ளவரின் மறைவான குற்றங்களைப் பிடிக்கிறது. பூதத்தின் பட்டியலில் கன்னக்கோல் திருடனோ பசிக்குத் திருடியவனோ இல்லை, அமைச்சரும் தவசியும் சாட்சியும் இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஐந்தாவது அரசனையே கண்காணிக்கிறது. கல்லும் குளமும் நாற்சந்தியும் சேர்ந்து ஒரு நகரத்தை ஆளும் முறை இது. அரசனுக்கு மேல் ஒரு நீதிமன்றத்தை நினைத்துப் பார்த்த கவிஞர், அதை மனிதர் கையில் கொடுக்காமல் ஒரு பாவையின் கண்ணில் வைத்தார்.

ஏழு நாள் தவணை

பூதங்கள் ஆளும் ஊர் என்றால் அச்சத்தால் ஆளப்படும் ஊர் என்று தோன்றும். காப்பியங்கள் அப்படிக் காட்டவில்லை. இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

அடைக்கலக் காதையில் மாடலன் என்னும் அந்தணன் கோவலனின் பழைய நற்செயல்களை அவனிடமே எடுத்துச் சொல்கிறான். அவற்றில் ஒன்று. ஒரு பத்தினியின்மேல் பழிசுமத்தி அவள் கணவனிடம் ஒருவன் பொய்ச்சாட்சி சொன்னான். சதுக்கப் பூதம் அவனைக் கயிற்றில் கட்டியது. அவனுடைய தாய் கதறினாள். அந்தக் கதறலைப் பொறுக்காமல் கோவலன் ஓடிப்போய்க் கயிற்றுக்குள் தானே புகுந்து, என் உயிரை எடுத்துக்கொண்டு இவனை விடு என்றான். பூதம் மறுத்தது. தீயவன் உயிருக்கு ஈடாக நல்லவன் உயிரைக் கவரும் வழக்கம் தன்னிடம் இல்லை என்று சொல்லி, குற்றவாளியையே கொன்றது. கோவலன் அந்தத் தாயையும் சுற்றத்தாரையும் பல்லாண்டு காப்பாற்றினான். பலிக்கு ஆசைப்படும் தெய்வமாக இருந்திருந்தால் வந்த உயிரை வாங்கிக்கொண்டிருக்கும். இந்தப் பூதம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது.

இரண்டாவது, மணிமேகலையின் சிறைசெய் காதையில். காவிரியில் நீராடித் திரும்பும் மருதி என்னும் பார்ப்பனப் பெண்ணை, ககந்தன் என்னும் அரசனின் மகன் வழிமறித்து அழைக்கிறான். அவள் பூத சதுக்கத்துக்குப் போய் அழுகிறாள். பூதம் சொல்லும் விடையில் ஒரு பகுதி நமக்கு உவப்பானது அன்று. கதை கேட்டதும் விழா பார்த்ததுமே அவள் குறை என்கிறது அது. வழிமறித்தவனின் குற்றத்தில் பெண்ணுக்கும் பங்கு தேடும் அந்தப் பார்வையை நாம் ஏற்கத் தேவையில்லை. மறுக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கடுத்து அது சொல்வது ஆட்சிமுறை பற்றியது. ஏழு நாள் தவணை. அதற்குள் அரசன் தன் மகனைத் தண்டித்தாக வேண்டும். தவறினால் நான் தண்டிப்பேன். ஏழு நாளுக்குள் ககந்தன் மகனை வாளால் வெட்டினான்.

தெய்வத்தின் அதிகாரம் அரசனின் அதிகாரத்தை விழுங்கவில்லை. முதலில் மனிதரின் நீதி நடக்கட்டும் என்று காத்திருக்கிறது. அது நடக்காதபோதுதான் எழுகிறது. குற்றவாளி அரசன் மகன் என்பதால் வழக்கு ஆறப்போடப்படும் அபாயத்துக்கு எதிராக ஒரு கெடு வைத்த நகரம் புகார்.

கோதமையின் வழக்கு

நான் மிகவும் மதிக்கும் பகுதிக்கு வருகிறேன். சக்கரவாளக்கோட்டம் உரைத்த காதை. உவவனத்தில், இரவில், கடல்தெய்வமான மணிமேகலா தெய்வம் சுதமதிக்குச் சொல்லும் கதை இது.

ஊரை ஒட்டி மதில் சூழ்ந்த சுடுகாட்டுக் கோட்டம் ஒன்று இருக்கிறது. அதற்குள் மரத்துக்கு ஒரு மன்றம். வன்னி மரத்தடியில் சுடலை நோன்பிகள், இலந்தையடியில் உடைந்த தலையோடுகளைத் தொடுக்கும் விரதிகள், வாகை மரத்தில் பேய்க்கூட்டம், விளாமரத்தில் பறவைகள். சார்ங்கலன் என்னும் பார்ப்பனச் சிறுவன் வழிதெரியாமல், இதுவும் ஓர் ஊர் என்று நினைத்து உள்ளே போய்விடுகிறான். பேய் ஒன்று ஆடுவதைப் பார்க்கிறான். அலறிக்கொண்டு தாயிடம் ஓடிவந்து விழுந்து சாகிறான்.

தாய் கோதமை கண்ணிழந்தவள். கணவனும் அப்படியே. அவள் மகனின் உடலைத் தழுவி எடுத்துக்கொண்டு நள்ளிரவில் கோட்டத்தின் வாயிலுக்கு வருகிறாள். ஊரைக் காப்பவள் நீ, இது உன் காவலா என்று சம்பாபதியைக் கூவி அழைக்கிறாள். ஒரு குடிமகள் ஆட்சியாளரை வாசலுக்கு அழைத்துக் கேட்கும் கேள்வி அது.

சம்பாபதி வருகிறாள். ஓடி ஒளியவில்லை. எந்தத் தெய்வமும் உன் மகனின் உயிரைக் கொள்ளவில்லை, அவன் அறியாமையும் வினையும் கொண்டன என்கிறாள். என் உயிரை எடுத்துக்கொள், பார்வையற்ற என் கணவனைக் காக்க இவன் உயிரைத் திருப்பித் தா என்று மன்றாடுகிறாள் கோதமை. அது என்னால் ஆகாது என்கிறாள் சம்பாபதி. அடுத்து அவள் எடுத்துவைக்கும் சான்று நெஞ்சில் தைக்கிறது. உயிருக்கு உயிர் கொடுத்து மீட்க முடியும் என்றால் மன்னர்களுக்காக உயிர் கொடுக்க ஆள் இல்லாமலா போனார்கள்? இந்தச் சுடுகாட்டிலேயே அரசர்களுக்கு எழுப்பிய கோட்டங்கள் ஆயிரம் இருக்கின்றனவே!

கோதமை விடவில்லை. தேவர்கள் வரம் தருவார்கள் என்று மறையோர் சொல்கிறார்களே என்று வாதாடுகிறாள். அப்போது சம்பாபதி, உலகங்கள் அனைத்திலும் உள்ள தெய்வங்களை எல்லாம் அழைத்துவந்து அவள் முன் நிறுத்துகிறாள். கேட்டுப் பார் என்கிறாள். அத்தனை தெய்வங்களும் அதே விடையைச் சொல்கின்றன. அதன்பிறகே கோதமை மகனை ஈமத்தில் ஏற்றித் தானும் உயிர் விடுகிறாள். எல்லாத் தெய்வங்களும் கூடிய அந்த நிகழ்ச்சியின் நினைவாக மயன் அங்கே சக்கரவாளத்தை வடிவமாக அமைத்தான் என்பது கதை.

ஊரை ஆளும் தெய்வம் ஒரு கண்ணில்லாத பெண்ணிடம் தன் அதிகாரத்தின் எல்லையை ஒப்புக்கொள்கிறது. சொன்னதற்குச் சான்று காட்டுகிறது. அவளுடைய அடுத்த வாதத்துக்கும் காது கொடுக்கிறது. பேய்க்கு மரம் உண்டு, பறவைக்கு மரம் உண்டு, இறந்த அரசர்களுக்கு இடம் உண்டு. இந்த எல்லைகளை யாரும் தன் விருப்பத்துக்கு மாற்ற முடியாது, காவல் தெய்வமும் மாற்ற முடியாது. புகாரின் தெய்வங்கள் எல்லையால் ஆண்டன என்று நான் சொல்வது இதனால்தான்.

மரம் மன்னனுக்குச் சொந்தமானால்

இதற்கு எதிர்முகமும் நம் இலக்கியத்தில் உண்டு. அதையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு வெறும் பழம்பெருமையாகிவிடும்.

சங்க காலத்து மன்னர்களுக்குக் காவல்மரம் உண்டு. பகைவர் நாட்டுக்குள் புகுந்தால் முதலில் அதை வெட்டுவார்கள். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடலிடைத் தீவிலிருந்த பகைவரின் கடம்பமரத்தை வெட்டி அதில் முரசு செய்தான். செங்குட்டுவன் பழையனின் வேம்பை வெட்டினான். நன்னனுக்கு ஒரு மாமரம். அதன் காய் ஆற்றில் மிதந்து வந்தது. குளிக்கப் போன ஒரு பெண் அதை எடுத்துத் தின்றாள். அவள் எடைக்கு எடை பொன்னால் பாவையும் 81 யானைகளும் தருவதாகச் சொல்லியும் கேளாமல் நன்னன் அவளைக் கொன்றான். பரணர் இதைக் குறுந்தொகையில் பதிவுசெய்து அவனைப் பழிக்கிறார். பின்னால் கோசர் சூழ்ச்சியால் அந்த மாமரம் வெட்டப்பட்டது.

மரத்தின் புனிதத்தை ஒரு மனிதன் தன் உடைமையாக்கிக்கொண்டால் நடப்பது இது. மரத்தின் பெயரால் ஒரு பெண்ணைக் கொல்வான். பகைவன் மரத்தைப் பகைவனுக்காகவே வெட்டுவான். இன்றும் காட்டைக் காக்கிறோம் என்ற பெயரில், அங்கே தலைமுறைகளாக வாழும் பழங்குடியினரை அப்புறப்படுத்தும்போது நன்னனின் நியாயம்தான் பேசப்படுகிறது. சம்பாபதியின் ஆட்சிக்கும் நன்னனின் காவல்மரத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறந்துவிடக் கூடாது. சம்பாபதியின் வாசலில் கோதமை நின்று கேள்வி கேட்க முடிந்தது. நன்னன் முன்னே அந்தப் பெண்ணுக்காக யார் பேசியும் பயனில்லை.

விழாவை மறந்த அரசன்

அந்தப் புகார் எப்படி அழிந்தது? பகைவர் படையெடுப்பால் என்று காப்பியம் சொல்லவில்லை. மறதியால் அழிந்தது என்கிறது.

தூங்கெயில் எறிந்த தொடித்தோட் செம்பியன் காலத்திலிருந்து ஆண்டுதோறும் 28 நாள் இந்திரவிழா நடந்துவந்தது. விழாவைத் தொடங்கும்போது வள்ளுவன் யானைமேல் முரசேற்றி அறிவிக்கிறான். விழாவை மறந்தால் நாளங்காடிப் பூதம் இடும்பை செய்யும். சதுக்கப் பூதம் ஊரைவிட்டுப் போய்விடும் என்ற அச்சம் அந்த அறிவிப்புக்குப் பின்னால் நிற்கிறது. காவல் தெய்வம் தரக்கூடிய பெருந்தண்டனை வெளியேறுவதுதான். மதுரை எரிவதற்கு முன்பும் நான்கு பூதங்கள் ஊரைவிட்டு வெளியேறியதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. தெய்வம் போன பிறகே தீ வருகிறது.

சோழ அரசன் நெடுமுடிக்கிள்ளி நாககுமரி பீலிவளையிடம் பெற்ற மகன் கப்பலில் அனுப்பப்படுகிறான். கப்பல் உடைகிறது. குழந்தையைக் காணாத அரசன் கரைதோறும் தேடி அலைகிறான். அந்தத் துயரத்தில் விழாவை மறந்துபோகிறான். மணிமேகலா தெய்வம் பொறுக்கவில்லை. ஊரைக் கடல் கொள்கிறது.

இந்த அரசன் கொடியவன் அல்லன். மகனைத் தேடும் தந்தை. அதனால்தான் கதை கனக்கிறது. நம் ஊர்களும் கொடியவர்களால் மட்டும் அழிவதில்லை. அவரவர் குடும்பம், அவரவர் அவசரம், அவரவர் நியாயமான கவலை என்று ஆளாளுக்கு ஓடும்போது, எல்லாருக்கும் பொதுவான ஒன்றை நினைவில் வைத்திருக்க ஆளில்லாமல் போகிறது. ஏரி அப்படித்தான் வீட்டுமனையானது. ஓடை அப்படித்தான் சாக்கடையானது.

அதே மண்ணில் இன்னொரு கதை

பூம்புகாருக்கு அருகே சாயாவனம் என்ற ஊர் இருக்கிறது. அந்தப் பெயரில் சா. கந்தசாமி எழுதிய நாவல் 1960களின் இறுதியில் வெளிவந்தது. வெளிநாட்டில் பொருள் சேர்த்துத் திரும்பிய சிதம்பரம், காவிரிப் பகுதியில் ஒரு காட்டை வாங்கி, அதை அழித்துக் கரும்பாலை கட்டுகிறான். நாவலின் பெரும்பகுதி அந்தக் காடு அழியும் விதம்தான். கொடி கொடியாக, புதர் புதராக, மூங்கில் மூங்கிலாக. வெட்டித் தீராதபோது நெருப்பு வைக்கிறார்கள்.

சிதம்பரமும் கெட்டவன் இல்லை. உழைப்பாளி, நம்பிக்கை உள்ளவன், ஊருக்கு வேலை கொண்டுவருபவன். ஆனால் அந்தக் காட்டில் கையில் பாசக்கயிறோடு நிற்கும் பூதம் இல்லை. ஏழு நாள் கெடு சொல்லும் குரல் இல்லை. விலைக்கு வாங்கிவிட்டால் காடு முழுதும் வாங்கியவனுடையது என்பதை மறுக்க யாருமே இல்லை. காடு கரியான பிறகு, ஊரார் அன்றாடம் புழங்கிய புளியின் ருசியும் அதோடு போயிற்று என்பது மெல்லத் தெரிகிறது. காப்பியத்தில் கழுகரசனுக்கும் நதியின் தந்தைக்கும் தனித்தனிச் சோலை இருந்த அதே வட்டாரத்தில், நம் காலத்து எழுத்தாளர் எழுத நேர்ந்தது இதை. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையையும் சாயாவனத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டுக்கும் இடையில் நாம் எதை இழந்தோம் என்பதை வேறு எந்த நூலும் இவ்வளவு துல்லியமாகக் காட்டாது.

குரல் கொடுக்கும் முயற்சிகள்

உலகம் இன்று இந்தச் சிந்தனையைச் சட்டத்தின் வழியாகத் தேடத் தொடங்கியிருக்கிறது. ஈக்வடார் 2008இல் இயற்கைக்கு உரிமைகள் உண்டு என்று தன் அரசியலமைப்பிலேயே எழுதியது. நியூசிலாந்து 2017இல் வாங்கனுயி ஆற்றைச் சட்டப்படி ஓர் ஆள் என்று ஏற்றது. ஆற்றின் சார்பில் பேச இரண்டு பேர்; ஒருவர் அரசு நியமிப்பவர், மற்றவர் ஆற்றங்கரை மாவோரி மக்கள் நியமிப்பவர். 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மேகமலை வனநிலத்துக்குப் பட்டா கொடுத்தது தொடர்பான வழக்கில், இயற்கை அன்னை உயிருள்ளவள், சட்ட உரிமைகள் உடையவள் என்று அறிவித்தது. மதுரையைக் காக்கும் தெய்வம் மதுராபதி பேசியதை இளங்கோ எழுதிய நகரத்தில், இயற்கைக்கு ஆள்தன்மை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது.

சட்டம் மட்டும் போதாது. அதைத் தாங்கும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் நம் கோயில்காடுகளில் இன்னும் இருக்கிறது. அய்யனாருக்கோ வீரனுக்கோ விட்ட காட்டில் சுள்ளி பொறுக்கவும் தயங்கும் ஊர்கள் உண்டு. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் ஐந்து ஹெக்டேருக்குச் சற்றுக் குறைந்த வீரகோவில் காடு 2025இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பு 2022இல் மாநிலத்திலேயே முதலாவதாக அந்தத் தகுதியைப் பெற்றது மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி. குன்றுகளும் சுனைகளும் குடைவரைக் கோயிலும் சமணர் படுகையும் உள்ள அந்தப் பகுதியைச் சேர்த்து 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது சுற்றுவட்டார ஊர்கள் திரண்டெழுந்தன. சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. சதுக்கப் பூதத்தின் நாற்காதக் குரலை அங்கே ஊர்மக்கள் எழுப்பினார்கள்.

மூன்று பாடங்கள்

புகாரிலிருந்து நாம் எடுத்துவர வேண்டியவை மூன்று என்று நினைக்கிறேன்.

ஒன்று, இடம். ஒவ்வோர் ஊராட்சியும் ஒவ்வொரு மாநகராட்சியும் தன் திட்ட வரைபடத்தில், மனிதப் பயன்பாட்டுக்கே அல்லாத ஒரு நிலத்தைக் குறிக்க வேண்டும். பூங்கா வேறு, இது வேறு. உய்யானத்தைப்போல, நாம் உள்ளே போகாத இடம்.

இரண்டு, குரல். அந்த இடத்தின் சார்பில் பேசுவதற்கென்றே ஒருவர் ஊர்க்கூட்டத்தில் இருக்க வேண்டும். அவர் அந்த நிலத்தின் உரிமையாளராகிவிடக் கூடாது, நன்னனாகிவிடக் கூடாது. கோதமை வந்து கேட்டால் விடை சொல்லக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும்.

மூன்று, நினைவு. ஆண்டுக்கொருமுறை முரசறைந்து ஊருக்கே நினைவூட்டும் விழா வேண்டும். ஏரியின் எல்லை எது, ஓடையின் கரை எது, கோயில்காட்டின் பரப்பு எவ்வளவு என்று கிராமசபையில் சத்தமாக வாசித்தால் போதும். அதுவே நம் காலத்து இந்திரவிழா.

சிலப்பதிகாரத்தை 1892இலும் மணிமேகலையை 1898இலும் உ.வே.சாமிநாதையர் அச்சில் கொண்டுவந்தார். அதன்பிறகு இவற்றைக் கற்பின் கதையாகப் படித்தோம், சமயக் காப்பியமாகப் படித்தோம், தமிழரின் வரலாற்று ஆவணமாகவும் படித்தோம். இனி ஊர் அமைக்கும் நூலாகவும் படிக்க வேண்டும். கட்டடக்கலை மாணவர்களுக்கும் நகரத் திட்டமிடல் மாணவர்களுக்கும் இந்திரவிழவூரெடுத்த காதையும் மலர்வனம் புக்க காதையும் சக்கரவாளக்கோட்டம் உரைத்த காதையும் பாடமாக வேண்டும். இங்கே இருக்கும் மாணவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் மிஞ்சியிருக்கும் கோயில்காட்டையோ குளக்கரையையோ தேடி, அதன் எல்லையையும் அதிலுள்ள மரங்களையும் பெயரோடு எழுதி, கிராமசபைப் பதிவேட்டில் ஏற்றும்படி மனுக் கொடுக்க வேண்டும். அரசனுக்கு ஒரு சோலை போதும் என்று கற்பனை செய்யத் தெரிந்த மொழி நம்முடையது. அந்தக் கற்பனையை நடைமுறையாக்கும் பொறுப்பும் நம்முடையதே.